என் குரலில் நீ கொடுத்த ஆர்டர்

அன்பு மகளுக்கு அம்மாவின் ஆசிகள் பல.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, நான் அதைக் கண்டுகொள்வதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன், ஏனென்றால் உடம்பு சரியில்லாதவர்களோடு சண்டை போடுவது எனக்குப் பழக்கமில்லை, இது சண்டைக் கடிதம். மொபைலில் பேசியிருக்கலாமே என்பாய். பேசிப் பார்த்தாயிற்று. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அதான் சொன்னேனேம்மா" என்கிறாய், பின்னால் யாரோ உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், "ஒரு நிமிஷம் இரும்மா" என்று போகிறாய், அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம் வரை நீளுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் விட்டுவிடுவாய்.

ஹாலில் இருக்கும் வீட்டு ஃபோன் செத்துக் கிடக்கிறது. காதில் வைத்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொன்றது யார் என்று கேட்டால் நீயும் நானும் சேர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பெரிய பங்கு உன்னுடையது. நீ எதையும் பாதியிலிருந்து கேட்டுவிட்டு முழுவதும் கேட்டதாகச் சொல்பவள் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன். நம் தெருவில் மண்ணுக்கடியில் ஓடும் பழைய ஃபோன் கம்பியைப் பிடுங்கப் போவதாக ஃபோன் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள் அல்லவா, இனிமேல் வீட்டு ஃபோன் என்றால் அது இன்டர்நெட் வழியாகத்தான் பேசும், எந்தக் கம்பெனியிடம் அந்த இணைப்பை வாங்குவது என்பதை வீட்டுக்காரர்களே தேர்ந்துகொள்ளலாம், பழைய எண்ணையும் அந்தக் கம்பெனிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று. அதை உனக்குச் சொன்னேன். நீ உடனே "நீ ஒண்ணும் பண்ணாதே, நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் "இது என் ஃபோன், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், என் பேச்சை நீ முணுமுணுப்பு என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

இந்த வீட்டில் என் பெயரில் முதன்முதலாக வந்த பொருள் அந்த ஃபோன்தான், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. வீடு அப்பா பெயரில், கரண்ட் அப்பா பெயரில், பாங்கில்கூட அவர் பெயருக்குப் பின்னால்தான் என் பெயர். அவர் போன பிறகு எல்லாரும் எல்லாவற்றையும் உன் பெயருக்கு மாற்றிவிடச் சொன்னார்கள், மகள் சாமர்த்தியசாலி, உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்று. நான் நேராகப் போய் ஃபோன் இணைப்பை என் பெயருக்கு மாற்றினேன். கவுன்ட்டரில் இருந்தவர் "மகன் யாரும் வரலையாம்மா" என்று கேட்டார். கையெழுத்துப் போட எனக்கு ஒரு கை இருக்கிறது, அது போதும் என்று சொன்னேன்.

சரி, எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேள். பக்கத்து வீட்டில் எந்தக் கம்பெனி என்று எட்டிப் பார்த்து வாங்குகிற ஆள் நான் இல்லை, இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவள், சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படித்துத்தான் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு கம்பெனிக்கும் நானே ஃபோன் போட்டு மூன்று கேள்வி கேட்டேன். கரண்ட் போனால் இந்த ஃபோன் பேசுமா. ஆம்புலன்ஸுக்குப் போட்டால் நான் வாய் திறக்க முடியாமல் விழுந்துகிடந்தாலும் என் விலாசம் அவர்களுக்குத் தெரியுமா. என் பழைய எண் என்னோடு வருமா. இன்டர்நெட் ஃபோனுக்கு உயிர் கரண்டில் இருக்கிறது என்பதும், அதற்கு விலாசத்தை நாம்தான் பதிந்து வைக்க வேண்டும் என்பதும் எனக்குப் படித்துத் தெரிந்ததுதான், அவர்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

நீ பிடித்துக்கொண்டாயே அந்தப் பெரிய கம்பெனி, அங்கே முதலில் ஒரு இயந்திரம் என்னைப் பல எண்களை அழுத்தச் சொன்னது, அப்புறம் சங்கீதம் போட்டது, அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தும் சங்கீதம் முடியவில்லை. கடைசியில் ஒரு ஆள் வந்து "சொல்லுங்க பாட்டி" என்றான். நான் உங்களுக்குப் பாட்டி இல்லை, வாடிக்கையாளர், அதுவும் இன்னும் ஆகவில்லை என்றேன். "சாரி பாட்டி" என்றான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு "அப்ப லைட்டும்தானே எரியாது" என்று எனக்கே சமாதானம் சொன்னான், சினிமா எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம் என்றான். இரண்டாவது கம்பெனிப் பெண் என் மூன்று கேள்விக்கும் "கண்டிப்பா மேடம்" என்றே சொன்னாள். எனக்குச் சந்தேகம் வந்து, உங்கள் ஃபோன் சமையலும் செய்யுமா என்று கேட்டேன். "கண்டிப்பா மேடம்" என்றாள். மூன்றாவது ஒரு சின்னக் கம்பெனி. எடுத்த பெண் முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள், பேட்டரிப் பெட்டி ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும் என்று. இரண்டாவதுக்கு "எனக்குச் சரியாத் தெரியலைங்க, தப்பாச் சொல்லக் கூடாது, கேட்டுட்டு நானே கூப்பிடறேன்" என்றாள். இந்தக் காலத்தில் இப்படிச் சொல்பவர்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை. இவள் கூப்பிட்டாள். எனக்கு அது போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொண்டு திரும்பி வருகிறவர்களிடம்தான் நான் வியாபாரம் வைத்துக்கொள்வேன்.

அவர்கள் ஆள் வந்து பெட்டியையும் பேட்டரியையும் சுவரில் மாட்டினார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டு வந்தார், சுவரில் துளை போட்ட தூளைத் துடைக்காமல் கிளம்பப் பார்த்தார், துடைக்க வைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னதும் நான் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். அவர் அப்போது ஏணி மேல் நின்று பரண் இருட்டுக்குள் வயரைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. "அம்மா, மேல ஆள் இருக்கேன், உயிரோட இறங்கணும்" என்று கத்தினார். ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். ஒலி வந்தது. இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இப்படிச் சோதித்த வாடிக்கையாளரை இதுவரை பார்த்ததில்லை என்றார். மற்றவர்கள் எல்லாம் கரண்ட் போன பிறகு சோதிப்பார்கள் என்றேன். அன்றைக்கு ஒரு தற்காலிக எண்தான் கொடுத்திருந்தார்கள், சில நாளில் பழைய எண் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்றார்கள்.

வரவில்லை. தெருவில் கம்பியைப் பிடுங்கினார்கள், பழைய இணைப்பு போயிற்று, தற்காலிக எண்ணும் கெடு முடிந்து போயிற்று, என் எண் மட்டும் எங்கும் காணோம். சின்னக் கம்பெனிப் பெண்ணைக் கேட்டால் "உங்க எண்ணை வேற கம்பெனியும் கேட்டிருக்காங்க மேடம், ரெண்டு பேர் கேட்டா பழைய கம்பெனி யாருக்கும் குடுக்காம நிறுத்தி வச்சிடும்" என்கிறாள். யார் கேட்டது என்று பெரிய கம்பெனிக்குப் போட்டேன். இந்தத் தடவை ஒரு மேற்பார்வையாளர் வந்தார். "நீங்களேதான மேடம் போன வாரம் ஆர்டர் குடுத்தீங்க" என்றார். நான் கொடுக்கவில்லை என்றேன். "நீங்கதான் மேடம், இதே குரல்" என்றார். நான் சண்டை போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாப் பேச்சும் பதிவாகிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன் என்று போட்டார்.

மகளே, என் குரல். முதல் நொடி எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, கொடுத்துவிட்டு மறந்துபோனேனோ என்று. என் பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொல்கிறது, என் அப்பா பெயரைச் சொல்கிறது, சின்ன வயதில் நான் வளர்த்த நாயின் பெயரைக் கேட்டால் அதையும் சொல்கிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயைத் திறந்து, கடைசி எழுத்தை விழுங்காமல். நம் கான்வென்டில் எனக்கும் அப்புறம் உனக்கும் வாசிப்பு சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "எனக்கு வயசாயிடுச்சுங்க. காது சரியா கேக்கறதில்ல. யார் என்ன சொன்னாலும் நம்பிடறேன். அதனால வர்ற கால் எல்லாம் என் பொண்ணு மொபைல்லயும் அடிக்கணும், யார் கூப்பிடறாங்கன்னு அவளுக்குத் தெரியணும், நான் எடுக்கலேன்னா பேசறது பதிவாகி அவளுக்குப் போயிடணும்."

எனக்கு வயதாகிவிட்டது என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல என் குரலை நீ எடுத்துக்கொண்டாயே. காது கேட்கவில்லையாம். அந்தப் பதிவில் உன் பின்னால் உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, மாப்பிள்ளை இருமினார், அதுகூட எனக்குக் கேட்டது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவேனாம். நான் நம்பிய ஒரே ஆள் நீ.

ஃபோன் செத்த மறுநாள் காலை நடந்ததையும் சொல்கிறேன், நீ மொபைலில் இந்த இடத்தைக் கேட்கவே இல்லை. எங்கள் ஆஜர் உனக்குத் தெரியும், அதைக் கிழவர்கள் அரட்டை என்று நீ சொல்வாய். தனியாக இருக்கிற நாங்கள் நாலு பேர், தினமும் காலையில் குளித்து முடித்ததும் நான் மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிடுவேன். முதலில் மேட்ரன், பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனையோ நர்ஸுகளை ஆட்டிவைத்தவர், இப்போது கண் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. அப்புறம் தையல்காரம்மா. அப்புறம் வக்கீல் சார், அவருக்கு ஒரு காது கோர்ட்டிலேயே போயிற்று, மிச்சக் காதில் மிஷின், மொபைலைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த மிஷின் விசில் அடிக்கிறது. இருக்கிறீர்களா என்பேன், ஆஜர் என்பார்கள். இரண்டு தடவை அடித்தும் யாராவது எடுக்கவில்லை என்றால் மற்றவர்கள் மாற்றுச் சாவியோடு நேரில் போக வேண்டும், கேள்வி கிடையாது, அதுதான் சட்டம். என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டாலும் அதே சட்டம்தான்.

வரவில்லை. அவர்கள் அடித்தார்கள், மணி இல்லை. முடித்துவிட்டு மொபைலில் கூப்பிடலாம் என்று நான் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், மொபைல் வழக்கம்போல் கைப்பைக்குள். முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டு ஓடி வந்தால் ஹாலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். தையல்காரம்மா கையில் சாவி, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது. வக்கீல் சார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். மேட்ரன் முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு "உயிர் இருக்கு, அறிவு இருக்கான்னு கேளுங்க" என்றார். வக்கீல் சார் தெருவுக்கே கேட்கும்படி "அம்மா உயிரோடதான் இருக்காங்க" என்று அறிவித்தார், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "அப்படியா, நல்லது" என்றார். நாங்கள் காப்பி குடித்துச் சிரித்தோம். ஆனால் அவர்கள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்ரன் அந்தப் பெரிய ரோட்டை லாரிகளுக்கு நடுவே அரைக் கண்ணோடு தாண்டி வந்திருக்கிறார். தையல்காரம்மா கடைசி நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவளே வாசலில் தனியாக என்னிடம் சொன்னாள்.

அதிலிருந்து இந்தக் கடிதம் எழுதும் காலை வரை தினமும் அந்த ரோட்டை யாராவது ஒருவர் தாண்டுகிறோம். நான் மொபைலில் கூப்பிட்டால் போதாதா என்பாய், நான் விழுந்துகிடக்கிற நாளில் அவர்கள் என்னை அடித்துப் பார்க்க ஒரு எண் வேண்டும், அதற்கு என் மொபைல் எண்ணைக் கொடுத்தேன். மேட்ரனுக்குப் பொத்தான் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது நம் வீட்டு எண் ஒன்றுதான், அது அவர் விரலிலேயே குடியிருக்கிறது. நீளமான புது எண்ணைத் தடவித் தடவி அழுத்தியதில் அது எங்கோ ஒரு சிமென்ட் கடைக்குப் போயிற்று. "இருக்கியா, போயிட்டியா" என்று இவர் கேட்க, கடைக்காரர் "இருக்கேம்மா" என்றாராம், மேட்ரனும் திருப்தியாக வைத்துவிட்டார். இப்போது தினமும் காலையில் அந்த மனிதர் ஆஜர் சொல்கிறார், நான்தான் கணக்கில் இல்லை. இதில் நீ சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அந்த எண் போனால் அவருக்கு நான் போன மாதிரி, இன்னொன்றைக் கற்றுக்கொள்ள அவருக்குக் கண் இல்லை.

இதை மொபைலில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் நீ "உன் ஆர்டரை நீ கேன்சல் பண்ணிடும்மா, என்னோடதுதான் நல்லது, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்" என்று அழுதாய். நீ அழுதால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் அழுகிறாயோ என்றுகூட நினைத்தேன், அப்புறம் அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டேன். உன் பயம் பொய் இல்லை. தூரத்தில் இருப்பவளுக்கு ஃபோன் மணி அடிக்காத ஒவ்வொரு நேரமும் கெட்ட செய்திதான். ஆனால் பயந்தவர்களுக்கெல்லாம் அடுத்தவர் குரல் சொந்தமாகிவிடாது. எனக்கு ஏதாவது ஆனால் முதலில் தெரிய வேண்டியது கதவைத் திறக்கக்கூடியவர்களுக்கு. அவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டுகூட வருவார்கள்.

இன்னொன்று, நீ யோசிக்காதது. நம் வீட்டு ஃபோனில் வருவது என் பேச்சு மட்டும் இல்லை. தையல்காரம்மா மருமகள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டுச் சில விஷயம் சொல்லுவாள், அதை இந்தக் கடிதத்தில்கூட நான் எழுத மாட்டேன். வக்கீல் சார் சில நாள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் ஆஜர் என்பார். அதெல்லாம் பதிவாகி, கடல் தாண்டி வந்து, உன் மொபைலில் உட்காருமா. நீ கேட்க மாட்டாய் என்று சொல்வாய். கேட்க மாட்டாய்தான். ஆனால் அவர்கள் என்னை நம்பிப் பேசினார்கள், உன்னை நம்பி இல்லை, நீ எவ்வளவு நல்லவளாக இருந்தாலும். என் அலமாரியை நீ திறந்தால் நான் பொறுத்துக்கொள்வேன், மற்றவர்கள் என்னிடம் பூட்டி வைக்கச் சொன்னதைத் திறந்து வைக்க எனக்கே உரிமை கிடையாது.

ஆகவே என் ஆர்டரை நான் ரத்து செய்யப் போவதில்லை. தெளிவாக எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றி உன் மாமியாரைவிட்டு என்னிடம் பேச வைக்காதே, அவர் நல்ல மனுஷி, பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல் என் முழங்காலை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். உன் ஆர்டரை நீ ரத்து செய்தால் அன்றைக்கே என் எண் எனக்கு வந்துவிடும் என்று இரண்டு கம்பெனியும் சொல்கின்றன. அந்த மேற்பார்வையாளர் எனக்கு ஒரு வழியும் காட்டினார், "நீங்கதான மேடம் குடுத்தீங்க, நீங்களே ரத்து பண்ணிடுங்க, மொபைலுக்கு வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த நம்பர் உன் மொபைலுக்கு வருகிறது. உன்னிடம் கேட்டு வாங்கி, நீ நானாகப் பேசியதை நான்தான் பேசினேன் என்று ஒத்துக்கொண்டு, இரண்டு பேரும் பொய் சொல்லி முடித்திருக்கலாம். வேலை நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் மாட்டேன் என்றேன். பொய்யைத் தொடங்கியவர் வாயாலேயே அதை முடிக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசி வரைதான் பழைய கம்பெனி என் எண்ணை நிறுத்தி வைத்திருக்கும். அதற்குள் தீராவிட்டால் அது பொதுவில் போய் யாரோ ஒருவருக்குக் கிடைத்துவிடும், மேட்ரன் அவரைத் தினமும் காலையில் எழுப்பி உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பார், அந்த ஆளை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அப்படிப் போனால் உன் பெரிய கம்பெனி கொடுக்கும் புது எண்ணை நான் வாங்கிக்கொள்வேன் என்று மட்டும் நினைக்காதே. ஃபோன் இல்லாமலே இருப்பேன். குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நடந்து ஆஜர் எடுப்பேன், அந்த ரோட்டை நான் தாண்டுவேன், மேட்ரனைத் தாண்ட விடமாட்டேன். இது மிரட்டல் இல்லை. என்ன செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம், அவ்வளவுதான்.

உன் பயத்துக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். எங்கள் ஆஜரில் நீ சேரலாம். மற்ற மூவரையும் கேட்டுவிட்டேன், தையல்காரம்மா உடனே சரி என்றாள், வக்கீல் சார் உனக்கு வாக்குரிமை உண்டா என்று கேட்டார், மேட்ரன் "வேவு பாக்கவா, இல்ல ஆஜர் சொல்லவா" என்று கேட்டார், ஆஜர் சொல்லத்தான் என்று நான் உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன் நேரத்துக்கு நான் கூப்பிடுவேன். ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்று. நான் கூப்பிட்டால் நீயும் எடுக்க வேண்டும், மீட்டிங் என்று சொல்லக்கூடாது, இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் உன் வீட்டுக்கும் யாராவது வருவார்கள். உங்கள் கட்டடத்து வாட்ச்மேன் எண்ணை மாப்பிள்ளையிடம் வாங்கி வைத்துவிட்டேன், வக்கீல் சார் அவரோடு பேசத் தயாராக இருக்கிறார், அவர் பேசினால் உங்கள் கட்டடம் முழுவதும் எழுந்துவிடும். நீ என்னைக் காவல் காப்பது மட்டும் நடக்காது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது என்றால் நான் சம்மதம், எனக்கும் தூரத்தில் ஒரு மகள் இருக்கிறாள், எனக்கும் மணி அடிக்காத நேரம் உண்டு.

பேத்திக்கு முன்பல் விழுந்ததாமே, சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்ள வேண்டாம் என்று சொல், பல் இல்லாத சிரிப்புக்கு என்னைத் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையின் இருமல் அந்தப் பதிவில் நன்றாக இல்லை, டாக்டரிடம் கூட்டிப்போ. ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கோபத்தில் எழுதிய கடிதம் என்று நினைத்து ஓரமாக வைக்காதே, கோபம் பாதிதான், மிச்சத்தை நீயே கண்டுபிடி.

எல்லா நலமும் பெற்று, குடும்பத்தோடு நிறைவாக நீ வாழ வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், சண்டை போட்ட நாளிலும் அதை விட்டதில்லை. மாதக் கடைசியை மறக்காதே. ஆர்டரை ரத்து செய்யக் கூப்பிடும்போது முதலில் உன் பெயரைக் கேட்பார்கள். உன் பெயரையே சொல். நல்ல பெயர், யோசித்துத்தான் வைத்தேன்.

இப்படிக்கு,
காது நன்றாகவே கேட்கும்
உன் அம்மா